சீல் வைத்த வயர்கள்

என் கணவர் முப்பது வருடம் வீடு வீடாகப் போய் மின்சார மீட்டர் பார்த்தவர். எந்த வீட்டில் திருட்டுக் கரண்ட் ஓடுகிறது என்பதை வாசலில் நிற்கும்போதே மோப்பம் பிடித்துவிடுவார். மீட்டருக்கு சீல் வைப்பவர் என்பதால் தெருவில் அவருக்குப் பெயர் சீல்காரர். ஓய்வு பெற்ற பிறகும் அந்த மூக்கு மட்டும் வேலையை விடவில்லை. டப்பாவில் இரண்டு பிஸ்கட் குறைந்தால்கூட எங்கள் வீட்டில் விசாரணை நடக்கும்.

பொழுது போக வேண்டுமே என்று, மரப்பலகையில் எழுத்துச் செதுக்கும் சின்ன சிஎன்சி இயந்திரம் ஒன்றை வாங்கினார். கணினியில் பெயரை எழுதிக் கொடுத்தால், சுழலும் கத்தி தானாக நகர்ந்து பலகையில் அதைக் குடைந்துவிடும். முதல் வேலை எங்கள் வாசலுக்குப் பெயர்ப்பலகை. எங்கள் இருவர் பெயர், மகள் பெயர், எங்களோடு குடியிருந்த மாப்பிள்ளை பெயர். அவர் பெயரையும் கணினியில் சேர்த்தபோது எனக்கு வயிறு குளிர்ந்தது.

ஒருநாள் நாங்கள் இருவரும் உறவினர் வீட்டுக்குப் போய்த் திரும்பினால், இயந்திரத்தின் பிளக் பிடுங்கிக் கிடந்தது.

"யாரு தொட்டது இதை?"

"நான்தான் மாமா. பயங்கர இடி. மெஷின் போயிடக் கூடாதேன்னு கழட்டினேன்" என்றார் மாப்பிள்ளை. அவர் லிஃப்ட் மெக்கானிக்.

"இடியா? நாங்க போன பக்கம் ஒரு சொட்டுகூட விழலையே."

அன்றே கணினி வயர், கத்தியைச் சுழற்றும் மோட்டார் வயர், பிளக் வயர் எல்லாவற்றையும் ஒன்றாகச் சேர்த்து, சாணுக்கு ஒரு கட்டுப் போட்டார். ஒவ்வொரு கட்டிலும், மீட்டருக்கு வைப்பதுபோல, கம்பி முறுக்கி ஈய சீல். "இனிமே எவன் தொட்டாலும் தெரிஞ்சுடும்" என்றார். வீட்டில் இவரை விட்டால் ஆண்பிள்ளை ஒருத்தர்தான்.

மறுநாளே சனியன் பிடித்தது. இயந்திரம் ஐந்து நிமிடம் ஓடும், பாதி எழுத்தில் நின்றுவிடும். திரையில் 'இணைப்பு துண்டிக்கப்பட்டது' என்று வரும். டெஸ்டர் வைத்துப் பார்த்தார், கரண்ட் சரியாக இருந்தது. வேறு பிளக்கில் போட்டார், நின்றது. பக்கத்து அறையிலிருந்து தனி லைன் இழுத்தார், அப்போதும் நின்றது. சீல் ஒன்றுகூட உடையவில்லை. அப்படியென்றால் யாரும் தொடவில்லை என்று நானும் நீங்களும் நினைப்போம். இவரோ, தொடாமலே, வேறு எதையோ போட்டுக் கரண்டை இழுத்துக் கெடுக்கிறார்கள் என்று நினைத்தார்.

ஒரு நோட்டுப் போட்டார். '7.40 நின்றது. மாப்பிள்ளை, இஸ்திரிப் பெட்டி.' '8.05 நின்றது. மாப்பிள்ளை, வெந்நீர்.' வேலைக்குப் போகிற மனிதர் சட்டையைத் தேய்க்காமல், குளிக்காமலா போவார்?

கடைசியில் சாப்பிடும்போது நேராகவே கேட்டுவிட்டார். "இந்தப் பலகையை நான் முடிக்கறது உங்களுக்குப் பிடிக்கலையா மாப்பிள்ளை?"

அவர் ஏதோ சொல்ல வாயெடுத்து, மென்று விழுங்கினார்.

"பாத்தியா, முழிக்கற முழியை!" என்றார் இவர் என்னிடம்.

மகள் எழுந்து போய் அந்த நோட்டை எடுத்துப் படித்தாள். பக்கத்துக்குப் பக்கம் அவள் கணவன்தான். "அம்மா, நாங்க தனியாப் போறோம்" என்றாள். சொன்னபடி ஒரே வாரத்தில் சாமான்களை வண்டியில் ஏற்றிவிட்டார்கள்.

வண்டி தெருமுனை திரும்பவில்லை, இவர் இயந்திரம் இருந்த பின்னறைக்கு ஓடினார். "வா, இப்ப பாரு எப்படி ஓடுதுன்னு."

ஐந்து நிமிடம். நின்றது. திரையில் அதே வாசகம்.

மெதுவாகத் திரும்பி என்னைப் பார்த்தார். "அடுப்படியில மிக்ஸி ஏதாவது போட்டுட்டு வந்தியா?"

"உங்க பக்கத்துலதானே நிக்கறேன்!"

மகளையும் விரட்டியாயிற்று, மிச்சம் இருப்பது நான் ஒருத்தி. வந்த ஆத்திரத்தில் மேசையில் இருந்த கட்டிங் பிளேயரை எடுத்து, அந்த சீல்களை ஒவ்வொன்றாக வெட்டித் தள்ளினேன். "ஏய், சீலை உடைக்காதே!" என்று கத்தினார். காதில் வாங்கவில்லை. வயர்கள் ஆளுக்கொரு பக்கமாக விழுந்தன.

"இப்ப ஓட்டுங்க. ஓடலைன்னா நானும் கிளம்பறேன்."

முணுமுணுத்தபடி ஓட்டினார். பத்து நிமிடம் ஓடியது, அரைமணி ஓடியது. நாலு பெயரையும் செதுக்கிவிட்டுத் தானாக நின்றது. இவர் கீழே கிடந்த வயர்களையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு போனை எடுத்து, நானும் கேட்கும்படி ஸ்பீக்கரில் போட்டார்.

"மாப்பிள்ளை, வயரெல்லாம் ஒண்ணாச் சேத்துக் கட்டினா மெஷின் நிக்குமா?"

"நிக்கும் மாமா. மோட்டார் வயரை ஒட்டிப் போனா கம்ப்யூட்டர் வயர்ல சிக்னல் கெட்டுடும். லிஃப்ட்ல நாங்க தனித்தனியாத்தான் இழுப்போம்."

"தெரிஞ்சுமா சொல்லாம இருந்தீங்க?"

"அந்த சீலை வெட்டுங்கன்னு நான் சொல்லியிருந்தா, நம்பியிருப்பீங்களா மாமா?"

ஊரையே கேள்வி கேட்ட மனிதர் போனை என் கையில் கொடுத்துவிட்டு உட்கார்ந்துவிட்டார்.

"மாமா? லைன்ல இருக்கீங்களா?"

"இருக்கார்" என்றேன். "பலகையை மடியில வெச்சுக்கிட்டு உங்க பேரைத் தடவிக்கிட்டு இருக்கார்."