அடைத்த காதும் நானூறு விசிறியும்

மின்விசிறித் தொழிற்சாலையின் கடைசி அறையில் கதவைச் சாத்திக்கொண்டு உட்காருவாள் அவள். ஓடுகிற சத்தத்தைக் கேட்டே விசிறியின் பேரிங் நல்லதா சொத்தையா என்று சொல்லிவிடுவாள். பதினோரு வருஷமாக இதே வேலை. எல்லோருக்கும் அவள் 'காதுக்காரி'.

அப்பேர்ப்பட்டவள் அடித்த கூத்தைக் கேளுங்கள். ஆயுதத்தைத் துடைத்து வைக்கிற மாதிரி, தினம் வேலைக்கு முன்னால் இரண்டு காதையும் பட்ஸ் விட்டுக் குடைவாள். அழுக்கு வெளியே வருகிறது என்று நினைப்பு! வந்தது கொஞ்சம், மிச்சமெல்லாம் உள்ளே போய் இறுகிவிட்டது. வலது காது மந்தமானதும் மகராசி மூச்சு விடவில்லை. கர்ரென்று கத்திய விசிறிக்கு அவள் 'சரி' சீட்டு ஒட்டியதை ஒரு புதன்கிழமை சூப்பர்வைசரே பார்த்துவிட்டார்.

"திங்கக்கிழமை காது டெஸ்ட். தேறலைன்னா பேக்கிங் பக்கம் போயிடுங்கம்மா."

அந்த நாற்காலி போனால் அப்புறம் அவள் யார்?

சாயங்காலமே டாக்டரம்மாவிடம் ஓடினாள். அவர் விளக்கடித்துப் பார்த்தார். "செவிப்பறை நல்லா இருக்கு. குறும்பிதான் கெட்டியா அடைச்சிருக்கு. இந்தச் சொட்டு மருந்தை ரெண்டு வேளை விடுங்க, ஊறித் தானா வரும். நடுவுல அடைப்பு கூடுற மாதிரி இருக்கும், பயப்படாதீங்க. வலிச்சாலோ சீழ் வந்தாலோ நிறுத்திட்டு உடனே வாங்க. குச்சி, ஊக்கு எதுவும் உள்ள போகக் கூடாது."

வீட்டுக்கு வந்ததும் பட்ஸ் டப்பா குப்பைக்குப் போனது. மருந்துப் புட்டியை உள்ளங்கையில் பொத்திக் குளிர் போக்கி, ஒருக்களித்துப் படுத்துச் சொட்டுவிட்டு, ஐந்து நிமிஷம் ஆடாமல் அசையாமல் கிடப்பாள்.

வெள்ளிக்கிழமை காது சுத்தமாக அடைத்துக்கொண்டது. நாத்தனார் கொண்டை ஊசியோடு வந்து நின்றாள்.

"அண்ணி, ஒரே இழு. மொத்தமும் வந்துடும்!"

கை பரபரவென்றுதான் இருந்தது. ஆனாலும் பல்லைக் கடித்துக்கொண்டாள். "தூக்கிப் போடுடி அதை. உள்ள ஓட்டை விழுந்தா உங்கண்ணனா வந்து அடைப்பாரு?"

ஞாயிற்றுக்கிழமை காலை தலையைச் சாய்த்தபோது பழுப்பாக ஒரு கட்டி தோளில் விழுந்தது. கூடவே சமையலறைக் குழாய் சொட்டுகிற சத்தமும் காதில் விழுந்தது. "ஐயையோ, இந்தக் குழாய் இவ்வளவு சொட்டுதா!" என்று கத்தினாள். கண்ணில் தண்ணீர் முட்டியது. அவ்வளவு சந்தோஷம்.

திங்கட்கிழமை டெஸ்டில் தேறினாள். சூப்பர்வைசர் சிரித்த முகமாக நாற்காலியை இழுத்துப் போட்டார். அவள் உட்காரவில்லை.

"சார், காது மந்தமாகி ரெண்டு வாரம் ஆச்சு. அதுல நான் 'சரி' ஒட்டினது நானூறு விசிறி. கிடங்குலதான் இருக்கு. எல்லாத்தையும் திரும்பக் கேக்கணும்."

"வேலைதான் தப்பிச்சுதே, விடுங்கம்மா. மேல தெரிஞ்சா இந்த இடமே போயிடும்."

"போனா போகட்டும் சார். அந்த விசிறி ஒவ்வொண்ணும் யாரோ ஒருத்தர் கட்டிலுக்கு மேல சுத்தப் போறது. முதல் விசிறியை மாட்டச் சொல்லுங்க."

சொல்லிவிட்டுத்தான் உட்கார்ந்தாள்.