வெள்ளைக் கைக்குட்டை

போடி ஏலக்காய் ஏலக் கூடத்தில் எங்கள் துறைமுகத்தின் துண்டறிக்கையை விநியோகிக்கிறேன். ‘கரித்தூசி இல்லாத துறைமுகம்’ என்று பச்சை எழுத்தில் பெரிதாகப் போட்டிருக்கிறது. நிலக்கரியும் இறங்கும் துறைமுகம் என்பதால், கப்பலேறும் முன் ஏலக்காயில் கரி படிந்துவிடும் என்பது இங்குள்ளவர்களின் பயம். குரங்கணியிலிருந்து காய் கொண்டுவந்திருக்கும் பேச்சியம்மாள் அறிக்கையைப் புரட்டவேயில்லை. தன் மூட்டையிலிருந்து ஒரு காயை எடுத்து உரித்து, உள்ளே கறுத்து விளைந்த விதையைக் காட்டுகிறார்.

“சாக்குல எழுதியிருக்கறத நம்பி எங்ககிட்ட யாரும் காய் வாங்க மாட்டாக. நீங்களும் உரிச்சுக் காட்டுங்கண்ணே.”

சுருக்கென்கிறது. உடனே துறைமுகத்துக்கு வீடியோ கால் போட்டு, எல்லோருக்கும் தெரியும்படி போனை உயர்த்திப் பிடிக்கிறேன். நிலக்கரி இறங்கும் தளத்தில் நிற்கும் என் அலுவலக நண்பர், பக்கத்துக் கண்டெய்னரை வெள்ளைக் கைக்குட்டையால் அழுத்தித் துடைத்து விரிக்கிறார். வெள்ளை அப்படியே வெள்ளையாக இருக்கிறது!

கூடமே கைதட்டுகிறது. பேச்சியம்மாள் என் துண்டறிக்கையைக் கூம்பாகச் சுருட்டி, கைநிறைய ஏலக்காயை அள்ளிப் போட்டு நீட்டுகிறார்.

“தொடச்சுக் காட்டுன தம்பிக்கு.”