பயில்வான் படம் போட்ட டின்

இதை வாசிகசாலைப் பலகையில் ஒட்டுவது, எனக்கு ஒரு வருத்தமும், நோய்நொடியும் இல்லை என்று ஊருக்குச் சொல்லத்தான்.

வெள்ளிக்கிழமை கனகராயன்குளத்திலிருந்து பெண் வீட்டார் என்னைப் பார்க்க வருகிறார்கள். நானோ வேலிக்கு நட்ட கதியால் தடி மாதிரி. அதற்குள் கொஞ்சம் சதை பிடிக்கட்டுமே என்று இன்று காலை கிளிநொச்சியில் ஒரு கடைக்கு, பாலில் கரைத்துக் குடிக்கிற புரத மா வாங்கப் போனேன்.

ஒரு டின்னில் குழந்தைப் படம். மற்றதில் பயில்வான் படம்.

"எது நல்லது முதலாளி?"

"ஆருக்குத் தம்பி?"

"எனக்குத்தான்."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "அப்ப ரெண்டையும் கொண்டு போங்கோ."

பயில்வானை மட்டும் வாங்கி மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் இருந்தேன்.

நம்மூரில் மா டின் வாங்குவது நோயாளியைப் பார்க்கப் போகத்தானே. பக்கத்தில் இருந்த அக்கா கேட்டார்: "ஆருக்குத் தம்பி சுகமில்லை?"

"ஒருத்தருக்கும் இல்லை அக்கா. இது எனக்கு."

"ஐயோ, உங்களுக்கோ! என்ன வருத்தம்?"

மாப்பிள்ளை பார்க்க வருகிற கதையைச் சொல்ல வெட்கம். டின்னைப் பார்த்துத் தலையைக் குனிந்துகொண்டேன். அவர் விட்ட பெருமூச்சு கொண்டக்டருக்கே கேட்டது. கொண்டக்டர் வந்து எனக்குக் காற்று வரட்டும் என்று ஜன்னலைத் திறந்துவிட்டார்.

பின்னேரத்துக்குள் மூன்று வீட்டார் என்னைப் பார்க்க வந்துவிட்டார்கள். ஆளுக்கொரு டின். மூன்றிலும் குழந்தைப் படம்.

நண்பர்களே, நான் குத்துக்கல்லாட்டம் இருக்கிறேன். இந்தக் கதை கனகராயன்குளம் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

அப்படியும் என்னைப் பார்க்க வந்தே தீருவேன் என்பவர்கள், இருக்கிற டின்னே போதும், முட்டை கொண்டு வாருங்கள்.