காலை ஒத்திகை

எதிலும் சந்தோஷம் இல்லையென்று சேலத்தில் மனநல ஆலோசகரைப் பார்த்தேன். அருகில் இருப்பவர் இல்லாமல் போனதாகத் தினமும் ஒரு நிமிடம் நினையுங்கள், அருமை தெரியும் என்றார். நிலையாமை பற்றி நம் பழைய நூல்களும் இதைத்தானே சொல்கின்றன என்று பெருமையோடு ஆரம்பித்தேன்.

"போயிட்டு வாரேனுங்க" என்று மனைவி பள்ளிக்கூட வேலைக்கு ஸ்கூட்டரைக் கிளப்பியதும், கண்ணை மூடி அவளைச் சாகடிப்பேன். மாலையில் கேட் திறக்கும் சத்தம் கேட்டால் அப்படியொரு சந்தோஷம். பொய்யில்லை.

"ஏனுங்க, இத்தன சிரிப்பு?" என்பாள். காரணத்தைச் சொன்னதே இல்லை.

போன தை மாதம் ஓமலூர் ரோட்டில் அவளை லாரி அடித்துவிட்டது. கொள்ளி வைத்தவன் நான்தான். ஆனால் அத்தனை ஒத்திகையிலும் அவள் திரும்பி வந்தாளே. ஐந்து மணியானால், பாழாய்ப்போன இந்த முகம், தானாகச் சிரித்தபடி கேட்டைப் பார்க்கிறது.