முன்னூற்றெட்டும் ஒரு கையெழுத்தும்

மூன்று ஞாயிற்றுக்கிழமைக்கு முந்தி, மதியச் சாப்பாட்டு மேசையில் ஒரு விவாதத்தில் வென்றேன். விஷயம் — துவக்கு ரவை.

ஓம், துப்பாக்கிக்குள் போடுகிற ரவைதான். போன கிழமை வரை இந்தப் பத்தியில் தண்ணீர்த் தொட்டியையும் பஸ் நேர அட்டவணையையும் பற்றி எழுதிக்கொண்டிருந்தவளுக்கு இதென்ன புது வியாதி என்று கேட்பீர்கள். கொஞ்சம் பொறுங்கள்.

இங்கே இத்தாலியில் நான் வேலை செய்யும் வீட்டுக்காரர் சிஞ்ஞோர் நீனோ ஓய்வுபெற்ற மிருக வைத்தியர். முப்பது வருஷம் மிருகங்களைக் காப்பாற்றியவர். இப்போது வருஷத்துக்கு ஒருமுறை கலாப்ரியாக் காட்டுக்குப் போய்ப் பன்றி சுடுகிறார். அவருடைய மைத்துனர் பிப்போ காட்டுப் பக்கமே போகாதவர். சனிக்கிழமைகளில் சுடுதளத்துக்குப் போய்க் கடதாசியைச் சுடுவார். ஞாயிறு மதியம் இருவரும் சந்திப்பார்கள். பஸ்தா முடிந்ததும் சண்டை தொடங்கும்.

சிஞ்ஞோரின் கட்சி, முப்பது-நாட்-ஆறு என்ற நீளமான ரவை. பிப்போவின் கட்சி, முன்னூற்றெட்டு என்ற கட்டை ரவை. இரண்டிலும் ஒரே விட்டத்தில்தான் குண்டு. பித்தளைக் கோதின் நீளம்தான் வேறு. ஒன்று அறுபத்துமூன்று மில்லிமீற்றர், மற்றது ஐம்பத்தொன்று. இந்தப் பன்னிரண்டு மில்லிமீற்றருக்காக இரண்டு பெரிய மனிதர்கள் எட்டு மாதமாகக் கதைக்கிறார்கள்.

"பன்றி கடதாசியில்லை, பிப்போ. அது திரும்பி ஓடி வரும்."

"உன்ர பன்றியைவிட உன்ர தோள்தான் கூட அடி வாங்குது."

இப்படித்தான் போகும். நான் கோப்பி வார்த்துக்கொண்டு நிற்பேன்.

ஊரில் நான் படித்தது தொழில்நுட்பக் கல்லூரியில், இயந்திர வரைபடம். இங்கே செய்வது சேட்டுக்கு அயன் போடுவது. ஆனால் அட்டவணையைக் கண்டால் இன்னும் கண் அதைவிட்டு விலகாது. சிஞ்ஞோரின் அலுமாரியில் தூசி தட்டும்போதெல்லாம் ரவைக் கட்டலொக்குகளைப் புரட்டியிருக்கிறேன். நூறு மீற்றரில் வேகம் எவ்வளவு, இருநூறில் குண்டு எவ்வளவு தாழும் — எல்லாம் அழகான நிரல்களில். உண்மையைச் சொன்னால், இத்தாலிய எண்களை நான் அதில்தான் படித்தேன்.

அன்று பிப்போ என் பக்கம் திரும்பினார். "சிஞ்ஞொரீனா, நீர் படிச்சனீர். நீர் சொல்லும்."

சொன்னேன். ஒன்று — நீளமான கோதில் வெடிமருந்து கூட, வேகமும் கூட. ஆனால் மரங்களுக்குள்ளே பன்றி நிற்கிற தூரத்தில் அந்த வித்தியாசம் பன்றிக்குத் தெரியப்போவதில்லை. இரண்டு — கட்டை ரவைக்கு உதை குறைவு. உதை குறைந்தால் சுடுகிறவர் கண்ணை மூடமாட்டார். மூன்றாவதாக, சிஞ்ஞோர் கண்ணை மூடுகிறவர் என்று பிப்போ முன்னமே எனக்குச் சொல்லியிருந்தார். அதை நான் சொல்லவில்லை. எனக்கும் நாகரிகம் உண்டு.

சிஞ்ஞோர் சிரித்தார். "இதெல்லாம் கட்டலொக்குக் கதை. கட்டையன் விளையாட்டுச் சாமான். வேலைக்கு உதவாது."

அந்த நேரம் பார்த்துத்தான் பழத்தட்டோடு வந்தார் மரியதாஸ் அண்ணை.

மன்னார்க்காரர். இத்தாலியன் அரைகுறையாக விளங்கும், பேச வராது. அல்பெர்கேரியாப் பகுதியில் நான் இருக்கும் கட்டடத்து மாடிப்படிக்குக் கீழ் அறையில் இருப்பவர். நான்தான் அவரை இந்த வீட்டில் சேர்த்துவிட்டேன். தோட்டம், நாய்கள், கார் கழுவுதல், ஞாயிற்றுக்கிழமையில் பரிமாறுதல். இன்னும் இரண்டு மாதத்தில் அவருடைய பெர்மெஸ்ஸோ, அதாவது இங்கே தங்கும் அனுமதி, முடிகிறது. புதுப்பிக்க வேண்டுமென்றால், 'இவர் என்னிடம் வேலை செய்கிறார், தொடர்ந்தும் செய்வார்' என்று முதலாளி கையெழுத்துப் போட்ட கடிதம் குவெஸ்தூரா என்ற பொலிஸ் அலுவலகத்துக்குப் போக வேண்டும். புதுப்பித்தால்தான் மனைவி றீற்றா அக்காவைக் கூப்பிட விண்ணப்பிக்கலாம். அக்கா கொழும்பில் ஒரு லொட்ஜில் காத்திருக்கிறா. கடிதம் ரைப் பண்ணி ஆயத்தமாக இருந்தது. திங்கட்கிழமை கையெழுத்துப் போடுகிறேன் என்று சிஞ்ஞோர் சொல்லியிருந்தார்.

மரியதாஸ் அண்ணை தட்டை வைத்துவிட்டு, விவாதத்துக்காக மேசையில் நிறுத்தியிருந்த இரண்டு ரவைகளையும் பார்த்தார். கட்டையை விரலால் தொட்டார்.

"இவனை எனக்கு நல்லாத் தெரியும் தங்கச்சி. அங்கை எங்கட வளவுக்குள்ள விடிய எழும்பினா இதின்ர கோதுதான் கிடக்கும். கையால நூறு நூறாப் பொறுக்கியிருக்கிறன். அடியை அரத்தால அராவி, போத்தல் விளக்குக்குத் திரிக்குழாய் செய்யிறது. கரண்ட் இல்லாத காலம், ஒழுங்கை முழுக்க நான் செய்த விளக்குத்தான். சீமெந்துக் கல்லு மதிலைத் துளைச்சுக்கொண்டு மற்றப் பக்கத்தால வந்திருக்கு, என்ர கண்ணாலை கண்டது. இதைப் போய் விளையாட்டுச் சாமான் எண்டுறாரோ?"

"என்ன சொல்றார்?" என்றார் பிப்போ.

எனக்கு உள்ளுக்குள் ஒரே புளுகம், சந்தோஷம் தாங்கவில்லை. இதைவிட வேறு சாட்சி வேண்டுமா? நான் இத்தாலியனில் சொன்னேன்:

"இந்தக் கட்டை ரவையை இவருக்கு நன்றாகத் தெரியுமாம். நூற்றுக்கணக்கில் கையாண்டிருக்கிறாராம். சீமெந்து மதிலைத் துளைத்ததைக் கண்ணால் கண்டவராம்."

விளக்கு? விட்டுவிட்டேன். விவாதம் ரவையின் வலுவைப் பற்றியது. விளக்கு அதற்குள் வராது. வேண்டாத விபரத்தை வெட்டு — கல்லூரியில் அப்படித்தான் பழக்கினார்கள்.

மேசையில் தட்டத் தூக்கிய கையைப் பிப்போ அப்படியே நிறுத்தினார். சிஞ்ஞோர் மரியதாஸ் அண்ணையைப் பார்த்தார். பிறகு இரண்டு ரவைகளையும் எடுத்துச் சட்டைப் பைக்குள் போட்டார். அவருடைய மனைவி, சிஞ்ஞோரா, எழும்பிப் பழத்தட்டைத் தானே வாங்கிக்கொண்டா.

"சரி சிஞ்ஞொரீனா, நீர் வெண்டிட்டீர்," என்றார் சிஞ்ஞோர்.

அந்த ஒரு வசனம்தான் என் காதில் விழுந்தது. பஸ்ஸில் வரும் வழியெல்லாம் அதைத்தான் நினைத்துச் சிரித்துக்கொண்டு வந்தேன்.

திங்கள் கையெழுத்து இல்லை. செவ்வாயும் இல்லை. புதன்கிழமை சிஞ்ஞோர் என்னைக் குசினிக்குள் கூப்பிட்டு, கதவைச் சாத்தினார்.

"எனக்கு அந்த மனுசனில கோபமில்லை. ஆனா மனிசி பயப்பிடுறா. மேல அலுமாரியில துவக்கு இருக்கு. அவன் அங்கை என்ன செய்தவன் எண்டு எங்களுக்குத் தெரியாது. தெரியாத ஒண்டுக்கு நான் எப்பிடிக் கையெழுத்து வைக்கிறது?"

நல்ல மனிதர். அதுதான் கஷ்டம். கெட்டவராக இருந்தால் திட்டிவிட்டாவது வந்திருப்பேன்.

எங்கள் ஆட்களுக்கு ஒரு பழக்கம் இருக்கிறது — உங்களுக்கும் இருக்கும், யோசித்துப் பாருங்கள். ரவை, ஷெல், பொம்பர் எல்லாவற்றையும் மழை வெயில் மாதிரிக் கதைப்போம். எது எங்கிருந்து வருகிறது என்று சத்தத்திலேயே சொல்லுவோம். எங்கள் பக்கத்தில் அது தெரியாதவன்தான் வெளியாள். இங்கே அது தெரிந்தவன்தான் சந்தேகத்துக்குரிய ஆள். விமானம் ஏறும்போது எத்தனையோ சாமானைக் கழித்தோம், இந்தப் பேச்சை மட்டும் அப்படியே கொண்டுவந்துவிட்டோம்.

அன்று மத்தியானமே தோட்டத்தில் மரியதாஸ் அண்ணையிடம் போய்ச் சொன்னேன். குழாயைப் பிடித்தபடி கேட்டுக்கொண்டு நின்றார்.

"நான் விளக்கைப் பற்றிச் சொன்னனான் எல்லோ?"

"ஓம் அண்ணை."

"நீர் அதைச் சொல்லேல்லையோ?"

"இல்லை."

அவர் தண்ணீரை நிறுத்தினார். குழாயைச் சுற்றிக் கட்ட நல்ல நேரம் எடுத்தார்.

வீட்டுக்கு வந்து இரண்டு பக்கம் எழுதினேன். விளக்கு, திரிக்குழாய், அரம், ஒழுங்கை, எல்லாம். படமும் கீறினேன் — போத்தல், மூடி, மூடியில் துளை, துளைக்குள் கோது, அளவுகளோடு. அடுத்த நாள் சிஞ்ஞோர் கண்ணாடி போட்டு ஆறுதலாக வாசித்தார்.

"நல்ல படம்," என்றார். "நான் நம்பக்கூடச் செய்வன். ஆனா இதை ஏன் ஞாயிற்றுக்கிழமை சொல்லேல்லை?"

என்ன சொல்ல? தலைப்புக்குப் பொருந்தவில்லை என்றா? அதுவும் பொய். எனக்கு வெல்ல வேண்டியிருந்தது. விளக்கைச் சொல்லியிருந்தால் பிப்போ சிரித்திருப்பார், எல்லாரும் பரிதாபப்பட்டிருப்பார்கள், விவாதம் கலைந்திருக்கும். 'நூற்றுக்கணக்கில் கையாண்டவர்' என்பது மேசையில் எவ்வளவு எடுப்பாக இருந்தது. அதைத்தான் நான் தெரிந்தெடுத்தேன். ஆனால் அதை அவரிடம் சொல்லாமல் படத்தை மடித்து வைத்தேன். முதலில் விட்டதைப் பிறகு சொன்னால், அது சோடித்த கதை மாதிரித்தான் இருக்கும். சிஞ்ஞோரின் இடத்தில் இருந்தால் நானும் அப்படித்தான் நினைத்திருப்பேன்.

கடிதத்தில் கையெழுத்து விழவில்லை. மாத முடிவோடு மரியதாஸ் அண்ணையின் வேலையும் நின்றது.

அவருக்காக நான் கேட்டுப் பார்த்த இடங்கள்: பங்குத்தந்தை, ஸ்ஃபெர்ராகவால்லோவில் ஒரு மீன் சாப்பாட்டுக் கடை, எனக்குத் தெரிந்த நாலு சிஞ்ஞோராக்கள். பங்குத்தந்தை பார்க்கிறேன் என்றார். மீன் கடைக்காரர், வேலை தருகிறேன், கடிதம் தரமாட்டேன் என்றார். மற்ற நாலு பேரும், முந்தின வீட்டு வேலையை ஏன் விட்டவர் என்று கேட்டார்கள்.

இந்த ஞாயிறு அவரை வழியனுப்ப ஸ்தாசியோனே சென்ட்ராலே றெயில் நிலையத்துக்குப் போனேன். வடக்கே ஒரு பட்டினத்தில் அவருடைய ஒன்றுவிட்ட தம்பி இருக்கிறான். அங்கே ஒரு கன்ரீன்காரர் கடிதம் கொடுக்கலாமாம். கொடுக்கலாம் — அவ்வளவுதான். கொடுக்காவிட்டால் பெர்மெஸ்ஸோ முடியும். கொழும்பு லொட்ஜில் றீற்றா அக்கா இன்னும் எத்தனை மாதம் இருப்பா என்று ஒருவருக்கும் தெரியாது.

"என்னாலைதான் அண்ணை," என்றேன்.

"ஓம்," என்றார். இல்லை என்று சொல்வார் என நான் எதிர்பார்த்திருக்கக் கூடாது.

றெயில் வந்துவிட்டது. எனக்கு ஏதாவது செய்ய வேண்டும் போலிருந்தது.

"றீற்றா அக்காவுக்கு நான் கோல் எடுத்து விளங்கப்படுத்தட்டோ?"

பையைத் தூக்கித் தோளில் போட்டார்.

"வேண்டாம் தங்கச்சி. நானே சொல்லுறன். நீர் சுருக்கிப்போடுவீர்."

சிரித்துக்கொண்டுதான் சொன்னார்.