அப்பா எழுதிய ஆங்கிலப் பரீட்சை

அப்பா இல்லாமல் எங்கள் வீட்டில் ஒரு வருடம் கழிந்துவிட்டது. இந்த நினைவு மலருக்காக எழுத உட்கார்ந்தபோது அம்மா, "நல்லத மட்டும் எழுதாதட்டி, நடந்ததையும் எழுது" என்றார். ஆகவே என் வாய்க்கொழுப்பையும் சேர்த்தே எழுதுகிறேன். உறவினர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

தென்காசிக்குப் பக்கத்தில் ஒரு சிற்றூரில் ஐந்து பிள்ளைகளில் மூத்தவராகப் பிறந்தார் அப்பா. பத்தாம் வகுப்பில் ஆங்கிலத்தில் தவறிய அதே வருடம் தாத்தா படுக்கையில் விழ, புத்தகத்தை மூடிவைத்துவிட்டுப் புனேவுக்கு ரயிலேறினார். அங்கே ஆகுர்டிப் பகுதியில் வண்டி உதிரிப்பாகம் செய்யும் தொழிற்சாலை ஒன்றில் தற்காலிக வேலை கிடைத்தது. செய்து முடித்த பாகங்களை அளந்து, பழுதானவற்றில் சிவப்புக் குறி போட்டு ஒதுக்குவார். அந்தச் சம்பளத்தில்தான் அத்தைமார் இருவருக்கும் கல்யாணம் நடந்தது. ஒருநாளும் அதைச் சொல்லிக்காட்டியவர் அல்லர்.

தொண்ணூறுகளின் நடுவில் தொழிற்சாலையில் ஆட்குறைப்பு வந்தது. பத்தாவது தேறியவர்களை நிரந்தரமாக்குவோம், மற்றவர்கள் கோடையோடு நின்றுகொள்ளலாம் என்று சொல்லிவிட்டார்கள். நாற்பது வயதில் அப்பா எல்லாப் பாடங்களையும் புதிதாக எழுதத் தனித்தேர்வராகப் பதிந்தார். அக்டோபரில் மற்ற பாடங்கள் எல்லாம் தேறின, ஆங்கிலம் மறுபடியும் காலை வாரிவிட்டது. மிச்சமிருந்தது மார்ச் மாதப் பரீட்சை மட்டும். அதே மார்ச்சில் நானும் பத்தாவது எழுத வேண்டும். அதனால் அப்பாவுக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கும் பொறுப்பு என் தலையில் விழுந்தது.

சிமிலி, மெட்டஃபர், உயிரில்லாததை ஆள்போலப் பேசும் பெர்சானிஃபிகேஷன் எல்லாம் அவருக்குச் சட்டென்று பிடிபட்டன. "ஏட்டி, குக்கர் கூப்பிடுது பாரு, பெர்சானிஃபிகேஷன்!" என்று அடுப்படியைக் காட்டுவார்.

"கூப்பிடுதுல்லா? எந்திரிச்சுப் போயி என்னன்னு கேளுங்க" என்பார் அம்மா.

பத்தியை வாசித்துப் பதில் எழுதுவதில்தான் வம்பு. ஒரு வியாபாரி மழையில் பாலத்தைக் கடக்கிறார், துணிமூட்டை ஆற்றில் விழுந்துவிடுகிறது, தன் உயிர் தப்பியதை நினைத்துச் சிரித்துக்கொண்டே வீடு போகிறார். வியாபாரி ஏன் சிரித்தார் என்பது கேள்வி. வியாபாரிக்குக் கவனம் போதாது, மூட்டையின் கயிறு சரியில்லை, பாலத்துக்குக் கைப்பிடியும் வைக்கவில்லை என்று அப்பா பிழையில்லாத ஆங்கிலத்தில் எழுதிவைத்திருந்தார்.

"எப்பா, ஏன் சிரிச்சார்னுதான கேட்டிருக்கு?"

"சிரிக்கதுக்கு என்ன இருக்கு? ஒழுங்கா கட்டிருந்தா மூட்ட ஏன் விழுது?"

எந்தப் பத்தியைக் கொடுத்தாலும் இதே கதைதான். பத்தியில் உள்ளவர்களிடம் குற்றம் கண்டுபிடிப்பார், கேள்விக்குப் பதில் இருக்காது. எனக்கோ என் பரீட்சைக் கவலை. ஒரு சாயங்காலம் பொறுமை போய்ப் புத்தகத்தை வீசி எறிந்தேன். "நீங்க ஃபெயிலானதுல ஆச்சரியமே இல்ல!"

அப்பா புத்தகத்தை எடுத்து, மடங்கிய தாளை நீவிவிட்டு, என் அலமாரியில் வைத்துவிட்டு இரவு வேலைக்குக் கிளம்பினார். இன்றைக்கு நினைத்தாலும் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருக்கிறது.

இரண்டு நாள் அவர் ஆங்கிலத்தைத் தொடவில்லை. எனக்குப் பயம் வந்துவிட்டது. மூன்றாம் நாள் அவர் ஒரு தொழிற்சாலை வரைபடத்தை விரித்துப் பார்த்துக்கொண்டிருந்தபோது, தேநீரை வைத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்து, அது எதற்கென்று கேட்டேன்.

"இதுல போட்டிருக்க அளவுதான் சட்டம். வேற மாதிரி செஞ்சா இன்னும் நல்லாருக்கும்னு நமக்குத் தோணும். ஆனா இதப் பாத்துத்தான் செஞ்ச பீஸ பாஸ் பண்ணணும்."

"அப்போ பாசேஜ்தான் டிராயிங். நீங்க எழுதுற பதில்தான் பீஸ். பாசேஜுல இல்லாதத எழுதுனா அந்த பீஸ் பாஸாகுமா?"

அப்பா வரைபடத்தை ஓரமாகத் தள்ளினார். "அடிப்பாவி! இத மொதல்லயே சொல்லிருக்கலாம்லா?"

"அன்னைக்கு அப்படிப் பேசிருக்கக் கூடாதுப்பா."

"அத விடு. எந்தப் பாடத்துல நிறுத்துனோம்?"

மார்ச்சில் இருவரும் தேறினோம். ஆங்கிலத்தில் அவருக்கு நாற்பத்து மூன்று, எனக்கு எண்பத்தொன்று. தெரு முழுக்க முதலில் அவருடையதைத்தான் சொன்னார், போனால் போகிறதென்று பிறகு என்னுடையதை! வேலை நிரந்தரமானது. அதே பரீட்சைக்குப் பயந்துகொண்டிருந்த பக்கத்துத் தொழிற்சாலைத் தொழிலாளர்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் அப்பாவிடம் ஆங்கிலம் படிக்க எங்கள் வீட்டுக்கு வர ஆரம்பித்தார்கள். அவர்களில் முருகேசன் அண்ணன் மூன்று முறை தவறி, நான்காவது முறை தேறினார். அன்று அப்பா தன் சொந்த வெற்றிக்குக்கூடச் சிரிக்காத அளவு சிரித்தார்.

சென்ற ஆண்டு இதய நோயால் பத்து நாள் மருத்துவமனையில் இருந்தார். செவிலியர்களைக் கேலி செய்துகொண்டே இருந்தார். பதினோராம் நாள் காலையில் அமைதியாகப் போய்ச் சேர்ந்தார்.

உடலைப் பெற ஒரு படிவத்தை நிரப்பித் தரச் சொன்னார்கள், முழுக்க ஆங்கிலம். நான் ஆங்கிலத்தில் பட்டம் வாங்கியவள்தான். ஆனால் அன்று ஒரு வரியும் கண்ணில் நிற்கவில்லை. எனக்குப் பின்னால் நின்ற முருகேசன் அண்ணன், "குடுங்க தங்கச்சி, நான் எழுதுதேன்" என்று வாங்கிக்கொண்டார். ஒவ்வொரு வரியையும் வாய்விட்டு வாசித்து, எனக்குத் தமிழில் சொல்லி, நான் சொன்னதை நிதானமாக எழுதினார். "நீங்க அவுகளுக்கு என்ன வேணும்னு கேட்டிருக்கு" என்றார். மகள் என்றேன்.

மருத்துவர்களுக்கும், உணவு கொண்டுவந்த பக்கத்து வீட்டாருக்கும், தோள் கொடுத்த தொழிற்சாலைத் தோழர்களுக்கும், ஊரிலிருந்து ஓடிவந்த உறவினர்களுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. முருகேசன் அண்ணனுக்கு எப்படி நன்றி சொல்வதென்று தெரியவில்லை. அன்று கையெழுத்துப் போடுமுன் அந்தப் படிவத்தை வாசித்துப் பார்த்தேன். ஒரு பிழைகூட இல்லை.