வார்த்தைக்கு ஓர் ஆள்

“ஹோப்புக்கும் எக்ஸ்பெக்ட்டுக்கும் இன்னா வித்தியாசம்?” என்று கேட்டாள் ஜெயசித்ரா, பாகூரில் பேருந்து ஏறி உட்கார்ந்ததும்.

“ஒண்ணு நம்பிக்கை, இன்னொண்ணு எதிர்பார்ப்புக்கா” என்றாள் பிரியதர்ஷினி.

“அது புத்தகத்துலயே இருக்குதே. ஆளு சொல்லுடி.”

பிரியதர்ஷினிக்கு ஆள் அகப்படவில்லை. புதுச்சேரியில் ஓர் அலுவலகத்தில் வேலை பார்ப்பவள். தமிழ், ஆங்கிலம் இரண்டும் படித்து, இரண்டிலும் அளந்தே பேசுகிறவள். ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி ஜெயசித்ராவே சொன்னாள்.

“தங்கவேல் அண்ணன் பஸ்ஸ எடுத்துனு வந்துருவாருன்னு நாம ஸ்டாப்புல நிக்கிறோம்ல, அது எக்ஸ்பெக்ட்டு. பலராமன் நாத்து நட்டுட்டு வானத்தயே பாத்துனு கீறாரே, அது ஹோப்பு. அப்ப வெயிட்டு யாருடி?”

“அது எல்லாருக்கும் பொதுக்கா. நிக்கிறது வெயிட். நிக்கிறப்ப மனசுல ஓடுறது மத்த ரெண்டும்.”

“பாரு, உனக்கும் வருது” என்று அவள் முதுகில் தட்டினாள் ஜெயசித்ரா.

ஜெயசித்ரா மணப்பட்டுக் கடலோரத்தில் ஒரு விடுதியில் அறைகளைச் சுத்தம் செய்கிறாள். கணவர் அருள்தாஸ் கொத்தனார். பத்தாவது வரை தமிழில் படித்தவளுக்கு ஆங்கிலம் விருந்தினர் வாயிலிருந்து வந்து சேர்ந்தது. மெத்தை விரிப்பின் மூலையை மடித்துச் செருகும்போது அன்றைக்குக் கேட்ட சொல்லை முணுமுணுப்பாள். ஒன்றுபோலத் தெரியும் இரண்டு சொற்கள் கிடைத்துவிட்டால், ஊரிலிருந்து சொல்லுக்கு ஓர் ஆளைப் பிடித்துவந்து நிறுத்தும்வரை அவளுக்கு நிம்மதியில்லை.

“எதிர்வூட்டு செங்கமலம் மிக்சி ஜாரு வாங்கினு போனா பாரு, அது பாரோ. நான் குடுத்தேன் பாரு, அது லெண்டு. திரும்பி வராததுக்கு அவங்க இங்கிலீசுல வார்த்த கீதா?”

அலோன், லோன்லி இரண்டுக்கும் மட்டும் அவள் ஊர் ஆட்களைத் தேடவில்லை. விடுதி அறைகளே போதுமாயிருந்தன. கதவைத் தட்டியதும் புத்தகத்தோடு மணலுக்கு நடந்துவிடுகிறவர் அலோன். அவள் தரையைத் துடைக்கும்போது நாற்காலியோடு நகர்ந்து நகர்ந்து அறைக்குள்ளேயே இருந்துகொண்டு, இது என்ன, அது என்ன என்று கேட்பவர் லோன்லி. “அந்த ரூமுல மட்டும் மெதுவா தொடைப்பேன். சூப்பர்வைசர் கத்துனா கத்தட்டும்” என்பாள்.

வாக்கியம்தான் அவளுக்கு நொண்டும். “எஸ்டர்டே ஐ கம்” என்பாள். பிரியதர்ஷினி திருத்துவாள்; பேருந்து கன்னியக்கோயில் போய் இறங்குவதற்குள் ஜெயசித்ரா மூன்று தரம் சரியாகச் சொல்லிப் பார்த்துவிடுவாள். அதில் அவளுக்குக் கூச்சம் கிடையாது. ஆனால் போன வருடம் விடுதியின் வரவேற்பு மேசைக்கு ஆள் எடுத்தபோது, முதலாளியம்மா ஆங்கிலத்தில் கேட்ட கேள்விக்கு அவள் பதில் சொல்லிக்கொண்டிருக்க, பக்கத்தில் நின்ற, கூட வேலை பார்க்கும் மஞ்சுளா “கம் இல்லக்கா, கேம்” என்று நல்லெண்ணத்தோடுதான் சொன்னாள். ஜெயசித்ராவுக்கு அடுத்த வார்த்தை வரவில்லை. அந்த வேலை வேறொருத்திக்குப் போனது.

இந்த வருடம் அந்த மேசை மறுபடி காலியானது. பெங்களூரில் இருக்கும் முதலாளியம்மா இந்த வாரம் தொலைபேசியில் பேசிப் பார்ப்பதாகச் சொல்லியிருந்தார். “போனு எக்ஸ்பெக்ட்டு, வேலை ஹோப்பு” என்று சிரித்தாள் ஜெயசித்ரா. ஆனால் அந்த வாரம் முழுக்கக் கைப்பேசியைப் பைக்குள் போடாமல் உள்ளங்கையிலேயே வைத்திருந்தாள்.

வியாழக்கிழமை காலை, நிறுத்தத்தில் நிற்கும்போதே கைப்பேசி அடித்தது; முதலாளியம்மாதான். தங்கவேலின் பேருந்தும் அப்போதுதான் வந்து நின்றது. ஜெயசித்ரா ஏறவில்லை; பிரியதர்ஷினியும் ஏறவில்லை. ஜெயசித்ரா சாப்பாட்டுப் பையை அவள் கையில் திணித்தாள். கைப்பேசி வைக்கும் காதில் அழுத்தாமலிருக்கத் தோட்டைக் கழற்றி அதையும் கொடுத்தாள்.

“நீ எங்கியும் போவாத, எதிர்லயே நில்லு. நான் இன்னா தப்பு பேசுனாலும் திருத்தாதடி. பேசி முடிச்சிட்டு நானே வந்து கேக்குறேன்.”